மருந்துக்கடையில் பேசக் கற்றல்

மருந்துக்கடைக்காரர் நோயாளியிடம் மருந்தைப் பற்றிப் பேசக்கூடாது என்று அமெரிக்காவில் ஒரு காலத்தில் எழுதிவைத்த விதியே இருந்தது. அமெரிக்க மருந்தாளுநர் சங்கம் 1952ல் வெளியிட்ட நெறிமுறையில், சீட்டில் எழுதியிருக்கும் மருந்து என்ன செய்யும், அதில் என்ன கலந்திருக்கிறது என்பதையெல்லாம் மருந்தாளுநர் நோயாளியுடன் விவாதிப்பதில்லை, கேட்டால் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லவேண்டும் என்ற பொருளில் ஒரு பகுதி உண்டு. 1969ல் நெறிமுறையைத் திருத்தியபோதுதான் அது போயிற்று. இன்று அதே நாட்டில் புது மருந்தைப் பேசாமல் கையில் கொடுத்து அனுப்பினால் பல மாநிலங்களில் விதிமீறல்.

நான் மருந்தாளுநர் அல்ல. பொறியியல் படித்துவிட்டு மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். சில வருடங்களுக்கு முன் மருந்தகங்களுக்கான மென்பொருள் ஒன்றில் வேலை பார்க்க நேர்ந்தது. வாடிக்கையாளர் கையெழுத்துப் போடும் சின்னத் திரையில் 'ஆலோசனை ஏற்கப்பட்டது / மறுக்கப்பட்டது' என்று ஒரு கட்டம் வரும். அந்தக் கட்டம் எப்போது தோன்றவேண்டும், எத்தனை வருடம் சேமிக்கவேண்டும் என்று தேவை ஆவணத்தில் பக்கம் பக்கமாக இருந்தது. ஆலோசனை என்றால் என்ன என்று எங்கும் இல்லை. அதைத் தெரிந்துகொள்ளப் படிக்கத் தொடங்கியதுதான் இந்தக் கட்டுரைக்கு மூலம். பெற்றோர் ஊரிலிருந்து ஆறு மாதம் வந்து தங்கிப்போகும் வீடுகளில் இருக்கும் நமக்கு இது சொந்த விஷயமும்கூட.

பேச ஆரம்பித்தவர்கள் சட்டம் வருவதற்கு முன்பே இருந்தார்கள். வர்ஜீனியா மாநிலத்தில் பெரிவில் என்ற சிற்றூரில் யூஜீன் ஒயிட் என்பவர் 1960ல் தன் கடையிலிருந்த சோடா, ஐஸ்கிரீம், இதர சாமான்களை எல்லாம் தூக்கிவிட்டு அதை ஒரு டாக்டரின் அறைபோல மாற்றினார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் அட்டை. யார் என்ன மருந்து சாப்பிடுகிறார்கள், எது ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு. இன்று கணினி செய்யும் வேலையை அந்த அட்டை செய்தது. ஒயிட் கூடுதலாகச் செய்தது, நோயாளியை எதிரில் உட்காரவைத்துப் பேசியது.

சட்டம் வர முப்பது வருடம் ஆனது. 1990ல் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஒரு பட்ஜெட் சட்டத்தின் நடுவே (ஓப்ரா 90 என்று துறையில் சொல்கிறார்கள்) மருந்தாளுநர் பேசவேண்டும் என்ற பகுதி வந்தது. அரசு காப்பீடான மெடிக்கெய்டில் இருக்கும் ஏழைகளுக்கு மருந்து கொடுக்கும்போது, அதன் பெயர், எதற்கு, எவ்வளவு, எத்தனை நாள், என்ன பக்கவிளைவு, ஒருவேளை மறந்துபோனால் என்ன செய்வது, எங்கே வைப்பது என்பவற்றை விளக்க முன்வரவேண்டும். 1993 ஜனவரி 1 முதல் அமல். ஏழைக்கு ஒரு விதி, மற்றவர்க்கு ஒரு விதி என்று வைப்பது சங்கடமாக இருந்ததாலோ என்னவோ, பெரும்பாலான மாநிலங்கள் இதை எல்லா நோயாளிகளுக்கும் விரித்துக்கொண்டன. ஆனால் 'முன்வரவேண்டும்' என்ற சொல்லில்தான் கோளாறு. கல்லாவில் இருக்கும் பெண், "எதாவது கேள்வி இருக்கா?" என்று தலை நிமிராமல் கேட்டாலும் முன்வந்தாயிற்று. "இல்லை" என்று நாம் சொன்னால் மறுத்தாயிற்று. மேலே சொன்ன கட்டத்தில் ஒரு டிக்.

கேள்வியின் வடிவம் பதிலைத் தீர்மானிக்கிறது என்பது எங்கள் தொழிலிலும் தெரிந்த ஒன்று. "புரோகிராம் சரியாக ஓடுகிறதா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "நீங்கள் எந்தப் பொத்தானை அழுத்தினீர்கள், அப்புறம் என்ன வந்தது?" என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். மருந்தாளுநர்களில் இதை முதலில் ஒழுங்காக வகுத்துக்கொண்டவர்கள் இந்தியன் ஹெல்த் சர்வீஸ்காரர்கள். இந்தப் பெயரைப் பார்த்து நம்மூர் என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்கப் பூர்வகுடிகளுக்காக மத்திய அரசு நடத்தும் மருத்துவத் துறை அது. அங்கே அறுபதுகளிலேயே மருந்தாளுநர் தனியறையில் நோயாளியைச் சந்திக்கும் வழக்கம் வந்துவிட்டது. அவர்கள் உருவாக்கிய மூன்று கேள்விகள் இன்று உலகின் பல மருந்தியல் கல்லூரிகளில் பாடம். தமிழில் ஒரு பாட்டியிடம் கேட்டால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"டாக்டர் இந்த மாத்திரை எதுக்குன்னு சொன்னாரும்மா?"

"எப்படிச் சாப்பிடணும்னு சொன்னாரு?"

"சாப்பிட்டா என்ன ஆகும்னு சொன்னாரு?"

மூன்றிலும் ஆமாம், இல்லை என்று பதில் சொல்ல முடியாது. முதலில் பேசுவது நோயாளி. அவருக்குத் தெரிந்ததை அவர் சொல்லிவிடுகிறார். விட்டுப்போனதை மட்டும் மருந்தாளுநர் சேர்க்கிறார். இதனால் நேரமும் மிச்சம். தெரிந்தவருக்கே எல்லாவற்றையும் ஒப்பிப்பது இல்லை. மூன்றாவது கேள்விதான் மிகவும் நுட்பமானது என்று எனக்குப் படுகிறது. எப்போது பலன் தெரியும், என்ன பக்கவிளைவு வரலாம், எது வந்தால் பயப்படவேண்டும் என்பதெல்லாம் அதற்குள் அடக்கம். பழைய மருந்தையே திரும்ப வாங்க வருபவர்களுக்கு வேறு முறை: குப்பியைத் திறந்து மாத்திரையைக் காட்டி, "இது எதுக்குச் சாப்பிடுறீங்க, எப்படிச் சாப்பிடுறீங்க?" என்று கேட்பது. தவறான மாத்திரை உள்ளே போயிருந்தால் பல சமயம் இங்கே பிடிபடும். "இது வெள்ளையா இருக்குமே, இதென்ன மஞ்சளா இருக்கு?" என்று நோயாளியே சொல்லிவிடுவார்.

கடைசியில் சரிபார்ப்பு. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் நம்மவர்கள் தலையை ஆட்டிவிடுவார்கள். அந்த ஆட்டல் ஆமாமா இல்லையா என்று அமெரிக்கருக்குத் தெரியாது என்பது வேறு விஷயம். வெள்ளைக் கோட்டு போட்டவரிடம் புரியவில்லை என்று சொல்வது மரியாதை இல்லை என்று வளர்ந்த தலைமுறை. எனவே சொன்னதை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லவைக்கிறார்கள். அதையும் பரீட்சை வைப்பதுபோலக் கேட்கக்கூடாது. 'நான் ஏதாவது விட்டுவிட்டேனா என்று பார்க்கவேண்டும்' என்று பாரத்தைத் தன்மேல் போட்டுக்கொண்டு கேட்கவேண்டும் என்பது பாடம். "வீட்டுக்குப் போனதும் பையன் கேட்டா எப்படிச் சாப்பிடணும்னு சொல்வீங்க?" என்பது நம் வீடுகளில் எடுபடும்.

இது எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்பவர்கள் 2006ல் டெர்ரி டேவிஸும் அவரது குழுவினரும் வெளியிட்ட ஆய்வைப் பார்க்கலாம். 395 நோயாளிகளிடம் மருந்துக் குப்பியின் லேபிளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். 'இரண்டு மாத்திரை, தினம் இரண்டு வேளை' என்ற வரியைப் படிப்பறிவு குறைந்தவர்களில் 71 விழுக்காட்டினர் சரியாகச் சொன்னார்கள். ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை என்று எண்ணி எடுத்துக் காட்டுங்கள் என்றதும் சரியாகக் காட்டியவர்கள் 35 விழுக்காடுதான். வாசிக்க முடிகிறது, செய்ய முடியவில்லை. மொழி மாறினால் இன்னும் மோசம். ஆங்கிலத்தில் 'ஒருமுறை' என்று பொருள்படும் 'ஒன்ஸ்' என்ற சொல்லின் அதே எழுத்துக்கள் ஸ்பானிய மொழியில் பதினொன்றைக் குறிக்கும். தினம் பதினொரு மாத்திரை என்று படிக்க வழி இருக்கிறது. நம்மூர் டாக்டர்கள் எழுதும் 1-0-1 இதற்கெல்லாம் மேல் என்று தோன்றும். காலை உண்டு, மதியம் இல்லை, இரவு உண்டு. கணினிக்காரனுக்கு அதில் ஓர் அழகு தெரியும். ஆனால் அதுவும் யாரோ ஒருமுறை வாயால் சொல்லிக்கொடுத்தால்தான் விளங்கும்.

இனி தொடர்கல்விக்கு வருகிறேன். அமெரிக்காவில் மருந்தாளுநர் உரிமத்தைப் புதுப்பிக்கக் குறிப்பிட்ட மணிநேரம் படித்துக் கணக்குக் காட்டவேண்டும். கலிஃபோர்னியாவில் இரண்டு வருடத்துக்கு 30 மணி நேரம். வேறு பல மாநிலங்களிலும் ஏறக்குறைய இதே அளவு. மருந்தியல் கல்விக்கான அங்கீகாரக் குழு யார் இந்தப் பாடங்களை நடத்தலாம் என்று அனுமதி தருகிறது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் எண் உண்டு. அதன் கடைசிப் பகுதியில் பொருள் வகை. 01 என்றால் மருந்துச் சிகிச்சை, 02 எய்ட்ஸ், 03 சட்டம், 04 பொது, 05 நோயாளி பாதுகாப்பு, 06 தடுப்பூசி, 07 மருந்து கலத்தல், 08 வலி நிவாரணம். நான் பார்த்த பட்டியலில் நோயாளியுடன் பேசுவதற்கென்று தனி எண் இல்லை. அது 04ல் எங்கோ ஒதுங்கிக்கொள்ளவேண்டும்.

நடைமுறையில் பலர் செய்வது, கணினியில் ஒரு கட்டுரையைப் படித்துக் கீழே உள்ள கேள்விகளுக்கு விடையைத் தேர்ந்தெடுப்பது. எனக்குத் தெரிந்த ஒரு மருந்தாளுநர், தமிழ்நாட்டில் பி.ஃபார்ம் படித்து இங்கே உரிமம் வாங்கியவர், குழந்தை தூங்கியபின் இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து இதைச் செய்வார். "புது நீரிழிவு மருந்து பத்தி என்ன வேணும்னாலும் கேளுங்க, சொல்றேன். ஆனா அந்த மருந்து வேணாம்னு அடம்பிடிக்கிற மனுஷர்கிட்ட என்ன பேசறதுன்னு யாரும் சொல்லிக்கொடுக்கலை" என்றார். அவருக்கு அதில் கூடுதல் சுமை ஒன்றும் இருந்தது. ஆங்கிலத்தில் பேசுவதே ஒரு தேர்வாக இருந்து, அதைத் தாண்டித்தான் அவர் உள்ளே வந்தார். வெளிநாட்டில் மருந்தியல் படித்தவர்கள் பட்டச் சமானத் தேர்வோடு டோஃபலில் பேச்சுப் பகுதியிலும் உயர்ந்த மதிப்பெண் வாங்கியாகவேண்டும். (2003 தொடங்கிப் பட்டம் பெற்றவர்களுக்கு ஐந்தாண்டுப் படிப்பு வேண்டும் என்ற விதி வந்ததால் நம் நான்காண்டு பி.ஃபார்ம்காரர்களுக்கு அந்த வழி அடைபட்டுப் போனது தனிக்கதை.) உச்சரிப்பைச் சோதித்த அந்தத் தேர்வில், அழுதுகொண்டு வரும் நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்பதற்கு இடமில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க நல்ல உதாரணம் தடுப்பூசி. மருந்தாளுநர்கள் ஊசி போடக் கற்பதற்கான பயிற்சியை அமெரிக்க மருந்தாளுநர் சங்கம் 1996ல் தொடங்கியது. வீட்டில் படிக்கவேண்டிய பகுதி உண்டு. ஆனால் அதோடு முடியாது; நேரில் வந்து, பயிற்றுநர் கண்முன் ஊசியைக் குத்திக் காட்டினால்தான் சான்றிதழ். படித்துத் தேர்வு எழுதிவிட்டேன் என்று சொல்லி யாரும் இன்னொருவர் தோளில் ஊசியை ஏற்ற முடியாது. நாம் எல்லோரும் இங்கே கார் ஓட்டக் கற்ற விதமும் அதுதான்: எழுத்துத் தேர்வு ஒரு நாள், சாலைத் தேர்வு இன்னொரு நாள். பேச்சுக்கு மட்டும் சாலைத் தேர்வு இல்லை.

பேச்சுக்கும் அப்படி ஒன்றை நடத்திப் பார்த்தவர்கள் ஆஸ்திரேலியர்கள். 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பயிற்சி கொடுத்த ஆட்களை வாடிக்கையாளர்போல மருந்துக்கடைகளுக்கு அனுப்பினார்கள். அவர் போய் வலி மாத்திரையோ வேறேதோ கேட்பார். வருவார் என்று கடைக்காரருக்கு முன்பே தெரியும்; எந்த நாள், யார் என்று தெரியாது. பேச்சு முடிந்தவுடன் பயிற்றுநர் உள்ளே வந்து, இதைக் கேட்டீர்கள் நன்று, இதைக் கேட்கவில்லை, இந்த இடத்தில் அவர் பேச வாயெடுத்தார், நீங்கள் குறுக்கே பேசிவிட்டீர்கள் என்று அங்கேயே சொல்வார். தண்டனை இல்லை, புகார் இல்லை. வகுப்பில் உட்கார்ந்து பாடம் கேட்பதைவிடக் கடையில் நின்ற நிலையில், பேசிய சூடு ஆறுமுன் கேட்கும் இந்தத் திருத்தம்தான் பழக்கத்தை மாற்றுகிறது என்பது அவர்கள் கண்டது. போலி வாடிக்கையாளர் என்றதும் உளவு பார்ப்பதுபோல நமக்குத் தோன்றலாம். ஆடிட்டருக்கும் வாத்தியாருக்கும் உள்ள வித்தியாசம்தான்.

அமெரிக்காவிலும் இதே உத்தியை அளப்பதற்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். போனி ஸ்வார்ஸ்டாட் குழுவினர் 2004ல் வெளியிட்ட ஆய்வில் 8 மாநிலங்களில் 306 மருந்தகங்களுக்குப் போலி நோயாளிகள் போனார்கள். வாயால் ஏதேனும் தகவல் சொல்லப்பட்டது சுமார் 63 விழுக்காட்டில். விதி கடுமையாக இருந்த மாநிலங்களில் அதிகம் பேசினார்கள், இளைய மருந்தாளுநர்கள் அதிகம் பேசினார்கள், கூட்டம் அதிகமான கடைகளில் குறைவாகப் பேசினார்கள். மூன்றாவது காரணத்தைத் தொடர்கல்வியால் தீர்க்க முடியாது என்பதை இங்கே சொல்லிவிடவேண்டும். காரில் உட்கார்ந்தபடியே வாங்கிப் போகும் ஜன்னல், அடிக்கும் தொலைபேசி, இத்தனை நிமிடத்தில் இத்தனை சீட்டு என்று கணக்கெடுக்கும் திரை. இவற்றுக்கு நடுவே நிற்பவரை மூன்று கேள்வி கேள் என்று வகுப்பில் சொல்வது எளிது. அந்தத் திரைகளை எழுதுகிறவர்கள் எங்கள் ஆட்கள்தான்.

பிரிட்டனில் மணிநேரக் கணக்கையே விட்டுவிட்டார்கள். 2018 முதல் அங்கே ஒரு மருந்தாளுநர் ஆண்டுதோறும் தான் கற்ற நான்கு விஷயங்களையும், அதனால் நோயாளிக்கு என்ன பயன் என்பதையும் எழுதவேண்டும். சக தொழிலர் ஒருவருடன் தன் வேலையைப் பற்றி உரையாடவேண்டும். தன் பணியைத் திரும்பிப் பார்த்து ஒரு குறிப்பும் எழுதவேண்டும். 2011ல் வந்த புதுமருந்துச் சேவையில், மருந்து தொடங்கிய ஓரிரு வாரத்தில் மருந்தாளுநரே மீண்டும் பேசி 'எப்படிப் போகிறது, எத்தனை வேளை விட்டுப்போனது' என்று கேட்பதற்கு அரசு பணம் தருகிறது. பேச்சுக்குக் கூலி உண்டு என்றானபின் பேசக் கற்பதிலும் அக்கறை வருகிறது.

இந்தியாவில் 2015ல் வெளியான மருந்தியல் நடைமுறை ஒழுங்குவிதிகள் பதிவுபெற்ற மருந்தாளுநர் நோயாளிக்கு ஆலோசனை சொல்லவேண்டும் என்கின்றன. பட்டியல் ஏறக்குறைய அமெரிக்கப் பட்டியல்தான். தொடர்கல்வியைப் பொறுத்தவரை, ஐந்து வருடத்தில் குறைந்தது இரண்டு ஒருநாள் புத்தாக்கப் பயிற்சி. ஐந்து வருடத்தில் இரண்டு நாள்! ஊட்டியிலும் மைசூரிலும் ஜே.எஸ்.எஸ். கல்லூரிகள் தொண்ணூறுகளின் பிற்பாதியிலேயே மருந்தியல் நடைமுறையை முதுகலைப் பாடமாகத் தொடங்கின, 2008ல் ஆறாண்டு ஃபார்ம்.டி. படிப்பும் வந்தது. ஆனால் அப்படிப் படித்தவரை நம் தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் பார்ப்பது அரிது. அங்கே மாத்திரை அட்டையைக் கத்தரியால் வெட்டிக் கவரில் போட்டுத் தருபவர் வேறொருவர். அவருக்கு வாடிக்கையாளர்களை நன்றாகத் தெரியும். யாருக்குச் சர்க்கரை, யார் வீட்டில் பிரசவம் என்பதெல்லாம் தெரியும். பேசும் திறமையும் பெரும்பாலும் உண்டு. மருந்தைப் படித்தவர் ஒருவர், பேசத் தெரிந்தவர் இன்னொருவர்.

நம் பெற்றோரின் சிக்கல் இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவில் இருக்கிறது. பையில் ஊர் மருந்து, இங்கே வாங்கிய மருந்து இரண்டும். ஊரில் பாராசிட்டமால் என்பது அமெரிக்காவில் அசிட்டமினோஃபென். குரோசினும் டோலோவும் ஒரு பக்கம், டைலனால் இன்னொரு பக்கம். ஒரே மருந்துதான் என்று தெரியாமல் இரண்டையும் போட்டால் பெரியவர்களுக்கான உச்சவரம்பான நாளுக்கு 4 கிராமைத் தொட அதிக நேரம் ஆகாது, அடி விழுவது கல்லீரலில். ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமால் இங்கே ஆல்பியூட்டரால். எல்ட்ராக்சினைக் காலையில் ஃபில்டர் காப்பியோடு விழுங்கினால் மருந்து சரியாக உடலில் சேராது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு சாப்பிட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துக் காப்பி. வார்ஃபரின் சாப்பிடுகிறவரிடம் இங்கே உள்ள மருந்தாளுநர் சாலட் தின்பீர்களா என்று கேட்பார். இல்லை என்று அம்மா சொல்வது உண்மை. வாரம் நாலு நாள் கீரை மசியல் என்பது கேள்வியில் வரவில்லை. கீரையை விடவேண்டியதில்லை, அளவு ஏறி இறங்காமல் இருந்தால் போதும் என்பதுதான் அங்கே சொல்லவேண்டிய செய்தி. ஏகாதசி விரதம் இருப்பவர் கிளிமெப்பிரைடு போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். விரதம் என்ற சொல்லை மருந்தாளுநர் அறியமாட்டார். "சாப்பிட்டா என்ன ஆகும்னு சொன்னாரு, ஒரு நாள் சாப்பாடே இல்லேன்னா என்ன பண்ணுவீங்க?" என்று திறந்து கேட்கத் தெரிந்தவருக்கு அது தானாக வந்து விழும். அவருக்கு நம் பண்பாட்டைப் பற்றித் தனி வகுப்பு தேவையில்லை.

இங்கே மொழிபெயர்ப்பாளராக நிற்பது மகனோ மகளோ. என் அம்மாவுக்காக நானும் அந்தக் கவுண்ட்டரில் நின்றிருக்கிறேன். மருந்தாளுநர் என்னிடம் பேசுவார், நான் அம்மாவிடம் சுருக்கிச் சொல்வேன், அம்மா என்னிடம் "சரிப்பா" என்பாள். சிறுநீர் சம்பந்தமான மருந்து என்றால் அவள் கேட்கவேண்டிய கேள்வியை என் வழியாகக் கேட்கமாட்டாள். பயிற்சி பெற்ற மருந்தாளுநர் இப்படிப்பட்ட இடத்தில் பார்வையை மகனிடமிருந்து எடுத்து அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேசுவார்; தொலைபேசியில் வேறொரு மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடட்டுமா என்று கேட்பார். அப்படி ஒருவரை நான் ஒரே ஒருமுறை பார்த்தேன். வயதானவர், ஓய்வுபெறும் நிலையில் இருந்தவர்.

கலிஃபோர்னியாவில் 2011 முதல் அமலில் இருக்கும் விதிப்படி, ஆங்கிலம் தெரியாத நோயாளிக்கு அவர் மொழியில் மொழிபெயர்ப்பு கிடைக்குமானால், கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் ஆள் மூலமாகவோ தொலைபேசி மூலமாகவோ மருந்தகம் அதைத் தரவேண்டும். மாநில வாரியம் மருந்து உண்ணும் குறிப்புகளைச் சீனம், கொரியம், ரஷ்யம், ஸ்பானியம், வியட்நாமியம் ஆகிய ஐந்து மொழிகளில் மொழிபெயர்த்து வைத்திருக்கிறது. தமிழ் அந்த ஐந்தில் இல்லை. தொலைபேசி வழி மொழிபெயர்ப்பில் தமிழ் கிடைக்க வாய்ப்பு உண்டு, கேட்கவேண்டும். கையெழுத்துப் போடும் திரையில் கட்டம் வரும்போது, அதை அமுக்குவதற்கு முன்.